கிருமியற்ற தொட்டி

தொட்டியில் மீன் செத்தால் நாம் ஏன் முதலில் தண்ணீரைச் சோதிப்பதில்லை? ஏன் அந்தத் தொட்டியைத் துடைத்த கையைத் தேடிப் போகிறோம்?

இந்தக் கேள்வியை நானாக விரும்பி எழுப்பிக்கொள்ளவில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்புக் கூடத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், வயிறு மேலாக மிதந்த தங்கமீன்கள் அதை என் தலையில் ஏற்றிவைத்தன.

தொட்டியருகே மஞ்சுளா நின்றிருந்தார். துப்புரவுப் பணிக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். ஒரு கையில் சிறிய வலை, மறுகையில் காலி ஐஸ்கிரீம் டப்பா. செத்த மீன்களை ஒவ்வொன்றாக அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் துக்கம் இல்லை. பயம் இருந்தது.

மூன்றாம் படுக்கையில் சிகிச்சை பெறும் அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே, கூடம் முழுவதும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "மேடம், இந்தப் பொம்பளைய என் பெட்ஷீட்டைத் தொட வேணாம்னு சொல்லிடுங்க. எத்தன மீனு இவ கையில போயிடுச்சு பாருங்க. கைராசியே இல்லாத கை."

மஞ்சுளா டப்பாவை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அன்று மதியம் ஒப்பந்தக்காரரிடமிருந்து அவருக்குத் தகவல் வந்தது: வாரக் கடைசியோடு இங்கே வேலை முடிந்தது, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேறு இடம்.

கைராசி

வெளியாருக்கு இந்தச் சொல்லின் எடை புரியாது. டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் கையில் தடித்த ஊசி ஏற்ற வேண்டும். ஒருவர் ஏற்றினால் வலிக்கும், இன்னொருவர் ஏற்றினால் அவ்வளவாக வலிக்காது. ஆகவே எங்கள் நோயாளிகள் டெக்னீஷியன்களைக் கைராசியை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். எங்கள் மூத்த டெக்னீஷியன் இம்ரான் விடுப்பில் போனால், "இம்ரான் தம்பி கை இல்லாம நான் படுக்கமாட்டேன்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கிளம்பியவர்களையே நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன். நோயாளிகளுக்கான ஆலோசகர் என்ற முறையில் அதுவும் என் வேலைதான்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணின் கையை ராசியற்ற கை என்று சொல்வது, அவரை அந்தக் கட்டிடத்திலிருந்தே வெளியேற்றுவதற்குச் சமம். அவர் விரித்த படுக்கையில் யார் படுப்பார்கள்?

மஞ்சுளாவின் வீடு மையத்திலிருந்து நடக்கிற தூரம். பள்ளிவிட்டு மகள் வரும்போது வீட்டில் இருக்க முடிகிறது என்பதற்காகவே குறைந்த சம்பளத்தில் இங்கே ஒட்டிக்கொண்டிருந்தவர். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும், இருட்டிய பிறகுதான் வீடு. எட்டு வயதுப் பெண் குழந்தை பூட்டிய வீட்டின் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் வாயில் இதற்குப் பெயர் "சைட் மாத்தறது".

பரிசாக வந்த தொட்டி

கூடத்தைப் புதுப்பித்த சமயத்தில், எங்களிடம் நெடுநாள் சிகிச்சை பெற்ற ஒருவரின் குடும்பம் அந்தக் கண்ணாடித் தொட்டியை அளித்தது. நல்ல நேரம் பார்த்தார்கள். கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தண்ணீர் நிரப்பி, அதே முகூர்த்தத்துக்குள் மீன்களையும் இறக்கிவிட்டார்கள். பாவாடை விரித்தாற்போல் வாலை வீசிக்கொண்டு அவை இறங்கியபோது கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

முதல் சில நாட்கள் எல்லோருக்கும் அது கொண்டாட்டம். மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ பிடித்து வருகிறவர்களும் சீக்கிரமே வந்து தொட்டியெதிரே இடம் பிடித்தார்கள். பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் ஜோசப் அங்கிள் ஓய்வுபெற்ற அச்சகக்காரர். தாகத்துக்குக்கூட அளந்து குடிக்க வேண்டியவர். அவர் தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணிதான்மா. இவனுங்க பாரு, அதுலயே குடித்தனம் நடத்துறானுங்க."

பிறகு முதல் மீன் செத்தது. யாரும் பதறவில்லை. "நம்மளுக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு" என்றார்கள். மீன் வளர்க்கும் வீடுகளில் பரவலாகச் சொல்லப்படுவதுதான்: வீட்டாருக்கு வரவிருந்த கேட்டை மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டு போய்விடுகிறதாம். உயிருக்குப் பயந்து வாரம் மூன்று முறை வந்து படுப்பவர்கள் அப்படி ஆறுதல் தேடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறுதல் ஒரு காரியத்தைச் செய்தது. காரணம் தேட வேண்டிய அவசியத்தையே இல்லாமலாக்கியது.

மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்புகளில் சிவப்புக் கீற்றுகள் ஓடின. சில மீன்கள் அடிக்கற்களில் சாய்ந்து கிடந்தன. மீன் கடைக்காரர் நீல மருந்து ஒன்றைக் கொடுத்தார். கூடவே புதிய மீன்களையும் விற்றார். நீலத் தண்ணீரில் புதியவையும் செத்தன. ஒன்றிரண்டு செத்தபோது தியாகம் என்றவர்கள், வாரந்தோறும் சாகத் தொடங்கியதும் குற்றவாளியைத் தேடினார்கள். கண்ணுக்கு எதிரே தினமும் தொட்டியில் கைவிட்டவர் ஒருவர்தான்.

"பினாயில் கையோட தொட்டியில கை வெச்சிருப்பா மேடம், வேறென்ன?" என்றார் எங்கள் மேலாளர் ரகுநாத். இருப்பா. வெச்சிருப்பா. அவர் பார்த்திருக்கவில்லை. ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசி செய்ய அந்த 'இருப்பா' போதுமானதாக இருந்தது.

ஒரு விடுதியின் நினைவு

இங்கே சற்று விலகிச் செல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

திருப்பத்தூரில் சமூகப்பணி படித்த காலத்தில் களப்பயிற்சிக்காக ஒரு மாணவியர் விடுதிக்கு அனுப்பப்பட்டேன். அங்கே பிள்ளைகளுக்குத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு. நான் போவதற்குள் சமையல்கார அம்மாவை நீக்கிவிட்டிருந்தார்கள். புதிய சமையல்காரர் வந்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால், குடிநீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கிடக்கிறது. தொட்டிக்குள் புறா இறகுகள்.

மூடியை எடுத்துவந்து வைத்தார்கள். நீக்கிய அம்மாவை யாரும் திரும்ப அழைக்கவில்லை. "அது முடிஞ்சு போன விஷயம்" என்றார் காப்பாளர். முடிந்தது யாருக்கு என்று கேட்க அப்போது எனக்கு வயதும் பதவியும் போதவில்லை. அந்த வாக்கியத்தின்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

கிருமி

பள்ளித் தோழி தேன்மொழி மீன்வளம் படித்தவள். ஹெப்பால் பக்கம் குடியிருக்கிறாள். அவளைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் நோய்க்குறிகளைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டாள்.

"மருந்தை மூடி வையிடி. நோய் தண்ணியில இருக்கு, மீன்ல இல்ல. என்ன தண்ணி ஊத்துறீங்க? காவேரிக் குழாயா, போர்வெல்லா, டேங்கரா?"

"தெரியலையே."

"ஆலோசகரம்மா, முதல்ல அதக் கேளு. தொட்டி ஃபில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்சை எப்படிக் கழுவுறாங்கன்னும் கேளு."

மஞ்சுளாவைத் தேடிப்போய்க் கேட்டேன். மாடிப்படிக்கடியில் துடைப்பங்கள் வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆர்.ஓ. பைப்புலேர்ந்து புடிக்கிறோம் மேடம். ஸ்பாஞ்ச டெய்லி ஹைப்போல ஊறவெச்சு அலசுறேன். கல்லு, கண்ணாடி எல்லாமே."

"ஹைப்போவிலயா? யார் சொன்னது?"

"ரகுநாத் சார்தான். நீங்க வர்றதுக்கு முன்னாடி மார்னிங் மீட்டிங் நடக்கும்ல, அதுல. 'இது ஆஸ்பத்திரி மாதிரி எடம், ஒரு கிருமி இருக்கக்கூடாது'ன்னாரு. நான் நல்லாத்தானே மேடம் செஞ்சேன்? ஒரு நாள்கூட விட்டதில்ல."

ஹைப்போ என்பது எங்கள் மையத்தில் தரையிலிருந்து இயந்திரம்வரை கிருமி நீக்கப் பயன்படும் வெளுப்புக் கரைசல். ஆர்.ஓ. நீர் என்பது நோயாளியின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்காக, உப்புகள் ஏறக்குறைய முழுதும் நீக்கப்பட்ட நீர். அதைவிடச் சுத்தமான தண்ணீர் பெங்களூரில் கிடைப்பது அரிது. எங்களிடம் இருந்தவற்றிலேயே மிகச் சுத்தமான இரண்டையும் மீன்களுக்குக் கொடுத்திருந்தோம். வேறெந்த அலுவலகத்திலும் இந்தத் தவறு நடந்திருக்காது. அவர்களிடம் அவ்வளவு சுத்தம் கிடையாது.

திரும்ப அழைத்து இதைச் சொன்னபோது, தேன்மொழி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தொலைபேசியிலேயே கேட்டது.

"உப்பே இல்லாத தண்ணியில மீனுக்கு உடம்பு தாங்காது. அது ஒரு கொலை. இன்னொண்ணு, மீனோட கழிவு அம்மோனியாவா மாறி அதையே எரிக்கும். அதைத் தின்னு தீர்க்கிற கிருமி அந்த ஸ்பாஞ்சுலதான் குடியேறும். புதுத் தொட்டியில அது வளரவே வாரக்கணக்குல ஆகும். நீங்க தினமும் அதை வெளுத்துப் போட்டிருக்கீங்க. டயாலிசிஸ் சென்டர்ல இருந்துக்கிட்டு உனக்கு நான் சொல்லணுமா? அந்த ஸ்பாஞ்சுதான்டி அந்தத் தொட்டிக்குக் கிட்னி."

அன்றாடம் பழுதான சிறுநீரகங்களோடு வருகிறவர்களுக்குப் பணிசெய்யும் நாங்கள், ஒரு தொட்டியின் சிறுநீரகத்தைத் தினமும் பிடுங்கி, வெளுத்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தோம். அதைச் செய்யச் சொன்னவர் குளிரூட்டப்பட்ட அறையில் இருந்தார். செய்தவர் மாடிப்படிக்கடியில் இருந்தார்.

பச்சை

மறுநாள் தேன்மொழி அம்மோனியாவைக் காட்டும் சோதனைத் துளிகளோடு வந்தாள். சிறிய கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்துத் துளிகளை விட்டுக் குலுக்கினாள். மஞ்சளாகவே நின்றால் நலம். எங்கள் நீர் வெளுத்த பச்சையாகி, இலைப்பச்சையாகி, கடைசியில் பாசி படிந்த குளத்தின் நிறத்தில் நின்றது.

எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. அந்தச் சுவருக்கு அப்பால், ஒவ்வொரு முறை சிகிச்சை தொடங்குவதற்கு முன்பும், இம்ரான் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட விடுகிறார். தண்ணீரைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். அது எங்கள் தொழில். அப்படிப்பட்டவர்கள் இந்த ஒரு தொட்டிக்கு மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு மனுஷியைச் சந்தேகித்தோம்.

குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு ரகுநாத்தின் அறைக்குள் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூடரல்லர்; உடனே புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், நீங்க சொல்றது கரெக்ட்டாவே இருக்கட்டும். ஆர்.ஓ. தண்ணியில மீன் செத்துச்சுன்னு வெளியே போச்சுன்னா? அதே தண்ணிதான் பேஷன்ட்ஸ் மெஷினுக்கும் போகுது. நாளைக்கு எவன் வந்து படுப்பான்? பயந்துக்கிட்டு ரெண்டு செஷன் விட்டா என்ன ஆகும், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. சிகிச்சையைத் தவறவிட்டவருக்கு மூச்சு முட்டும். சிலர் திரும்பி வருவதே இல்லை. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றப் போய் ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடுகிறேனா என்ற எண்ணம் எழுந்தது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை.

"அதுக்கு மஞ்சுளா போகணுமா சார்?"

"அவங்க வேலை போகலையே. சைட் மாறுது, அவ்வளவுதானே. சும்மா டென்ஷன் பண்ணாதீங்க மேடம்."

"ஹைப்போவில கழுவச் சொன்னது நீங்கதானே?"

"சுத்தமா வெச்சுக்கங்கன்னு சொன்னேன். ஹைப்போன்னு சொன்ன ஞாபகம் எனக்கு இல்ல."

அன்றே, அந்தக் காலைக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். ஒருவருக்கும் ஞாபகமில்லை. "கவனிக்கல மேடம்." "நான் லேட்டா வந்தேன்." இம்ரான் மட்டும் பொய் சொல்லவில்லை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அரே மேடம், என்னை இழுக்காதீங்க. வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

ஒரு கட்டளை பிறந்த இடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். அதன் விளைவு வந்து நின்றபோது மஞ்சுளா மட்டும் இருந்தார்.

தொட்டிக்கு வைத்தியம்

இதற்கிடையில் உயிரோடிருந்த மூன்று மீன்களையும் பார்க்க வேண்டியிருந்தது.

நான் ஆத்திரத்தில் முழுத் தண்ணீரையும் மாற்றிவிடப் போனேன். தேன்மொழி கையைப் பிடித்தாள். "ஒரேயடியா போர்வெல் தண்ணியக் கொட்டினேன்னா, இருக்கிற அம்மோனியா இன்னும் விஷமாகும். மெதுவா. தினம் கொஞ்சம்."

ஆர்.ஓ. குழாயை விட்டோம். காவேரித் தண்ணீரை வாளியில் பிடித்து, காற்றுக்குழாய் ஓடவிட்டு, ஒருநாள் வைத்திருந்து, அதைக்கொண்டு தொட்டி நீரைச் சிறிது சிறிதாக மாற்றினோம். கைப்பிடிக் கல்லுப்பு. தீனி அறவே கிடையாது. பன் துணுக்குகளைப் போட வந்த ஜோசப் அங்கிளை நான் தடுத்தபோது, "எனக்கும் டயட்டு, இவனுக்கும் டயட்டா? இந்த சென்டருல யாரையுமே திங்க விடமாட்டீங்களா?" என்றார்.

தேன்மொழி தன் வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தாள். சேறுபோல் பழுப்பேறி, மழைக்கால மண்வாசனையோடு இருந்தது. "இதுதான் மாற்று கிட்னி" என்று சிரித்தபடி பொருத்தினாள். சிறுநீரகம் கிடைக்குமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைந்த கூடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடத்தில் சொன்னது

வாரக் கடைசி வந்துவிட்டது. மஞ்சுளாவின் கடைசி நாள். காலை முறைக்கு வந்தவர்கள் கூடத்தில் காத்திருந்தார்கள். அவர் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, மூன்றாம் படுக்கை அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டார், ஈரம் பட்டுவிடாமலிருக்க அல்ல.

எடைபோட்டது போதும் என்று தோன்றியது. பயத்தைத் தவிர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உண்மையை மறைப்பது. மற்றொன்று, உண்மையை முழுதாகச் சொல்வது. பாதியாகக் கசிந்தால்தான் அது நோயாளிகளைக் கொல்லும். நான் எழுந்து நின்று பேசினேன்.

"இந்த மீன்கள் யார் கையாலும் சாகவில்லை. உங்கள் இயந்திரத்துக்குப் போகும் நீர் உங்களுக்கு மிகச் சரியானது. அதில் தேவையான உப்புகளை இயந்திரம் சேர்த்துக்கொள்கிறது. மீனுக்கு யாரும் சேர்க்கவில்லை. உங்களுக்குக் கிருமி ஆகாது. மீனுக்குச் சில கிருமிகள் இல்லாமல் ஆகாது. அவற்றை நாங்கள் தினமும் அழித்தோம். மஞ்சுளா தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார்."



"யாரும்மா அப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார் ஜோசப் அங்கிள்.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தவளில்லை. என் வாயால் சொன்னால் அது கேள்விப்பட்ட சேதிதான். ரகுநாத் தன் அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தார். மஞ்சுளா துடைப்பத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சை அறைக் கதவிலிருந்து குரல் வந்தது. கையுறையோடு இம்ரான்.

"சார்தான் சொன்னாரு அங்கிள். நானும் கூட இருந்தேன். ஆர்.ஓ. பைப்பை அவங்களுக்குத் தொறந்து விட்டதே நான்தான். என் கையத்தான் கைராசின்னு சொல்றீங்க நீங்க எல்லாரும்."

ஜோசப் அங்கிள் மெல்லத் திரும்பி மேலாளரைப் பார்த்தார். "சார், நீங்க மட்டும் எங்களுக்கு ஊசி போட வந்துடாதீங்க சாமி."

கூடம் சிரித்தது. மூன்றாம் படுக்கை அம்மாள் சிரிக்கவில்லை. தூக்கிய காலை இறக்கி வைத்தார். அன்று அவருடைய படுக்கையை மஞ்சுளாதான் விரித்தார். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மன்னிப்பு என்று எண்ண நான் தயாராக இல்லை. ஒரு பெண்ணின் கையைப் பலர் அறியப் பழித்தவர், பலர் அறியவே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

யாரும் சிகிச்சையைத் தவறவிடவில்லை. மேலாளர் பயந்தது நடக்கவில்லை.

பிறகு

ஒப்பந்தக்காரர் மாற்றல் உத்தரவை விலக்கிக்கொண்டார். மூன்று மீன்களில் இரண்டு பிழைத்தன. சோதனைக் குழாயில் நீர் இப்போது மஞ்சளாகவே நிற்கிறது. ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசி, பழுப்போடு திரும்ப வைக்கிறார்கள். ரகுநாத் மஞ்சுளாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் இருமுறை நேரில் சொல்லியும் கேட்கவில்லை.

மஞ்சுளா எங்களோடுதான் வேலை பார்க்கிறார். ஆனால் யார் எந்த வேலையைச் சொன்னாலும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இம்ரான் சாரைக் கூப்பிட்டு அவரு முன்னாடி சொல்லுங்க, செய்றேன்" என்கிறார். என்னிடமும் அப்படித்தான் சொல்கிறார்.